அமலராணி கடலுக்குள் போன ஞாயிறு

அக்டோபர் பிறந்துவிட்டால் டெய்சிக்குக் கால் தரையில் பாவாது. ஜெபமாலை மாதம் அல்லவா. திண்டுக்கல்லில் வீடு வீடாக ஜெபமாலை சொல்வது ஒரு பக்கம், மாதக் கடைசியில் வேன் பிடித்துத் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கோயில் ஒன்றுக்குப் போய்வருவது இன்னொரு பக்கம். யாருக்கு வாந்தி வரும், யார் புளிச்சாதம் கட்ட வேண்டும், யார் கட்டவே கூடாது என்பதெல்லாம் டெய்சி சொன்னால்தான் சட்டம். சாமியாரே அவளைக் கேட்டுவிட்டுத்தான் வேனில் ஏறுவார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை.

டெய்சியின் தம்பி மரியராஜ் பெயின்ட் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் நம்ம அமலராணி, தொடக்கப்பள்ளி டீச்சர். அந்த வருஷம் வேனில் ஏறும்போது அவள் பையின் அடியில், துண்டுக்குக் கீழே, பழைய சுடிதார் ஒன்று ஒளிந்திருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்பது ஆண்டவருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

விஷயம் இதுதான். சில நாளுக்கு முன்னால் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். அதே கடற்கரை ஊரில் சுடிதார் போட்ட பெண்கள் நீளப் பலகையில் ஏறி அலைமேல் நின்றுகொண்டு வந்தார்கள். சர்ஃபிங் என்று போட்டிருந்தது. சொல்லிக்கொடுப்பதும் ஒரு பெண்தான். அமலராணி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இந்தத் தடவை இறங்காவிட்டால் இனி எப்போதும் இறங்கப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் பிறந்தது அகரம் என்ற கிராமத்தில். அப்பாவின் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிக்கிற பெண் அந்தப் பக்கத்திலேயே அவள் ஒருத்திதான். குதித்து, நீந்தி, களைத்த பிறகு மல்லாக்கப் படுத்துக்கொள்வாள். கை காலை விரித்து, கண்ணை மூடி, அசையாமல். அது தனிச் சுகம். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டபோது, தையல் தெரியும், கோயிலில் பாடுவாள் என்று அம்மா முந்திக்கொண்டாள். கிணற்றில் குதிப்பாள் என்று எந்தத் தாய் சொல்வாள்? வாழ்க்கைப்பட்ட வீட்டிலோ தண்ணீர் என்றால் குடத்தில் இருக்க வேண்டும். அதை மீறிய தண்ணீர் எல்லாமே ஆபத்து. அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

கடலில் கால் நனைப்பதற்கும் டெய்சி ஒரு முறை வைத்திருந்தாள். எல்லோரும் வரிசையாகக் கைகோத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வரை இறங்கலாம். கரையைப் பார்த்து நின்றபடி அலை வரும்போது ‘மாதாவே’ என்று ஒரு சத்தம் போட வேண்டும். என்ன ஆனாலும் கையை விடக் கூடாது. புடவை நனைந்ததும் ஏறிவிட வேண்டும். வருஷா வருஷம் அமலராணியின் மணிக்கட்டு டெய்சியின் பிடியில்தான் இருக்கும். போலீஸ்காரர் பிடி தோற்கும்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து எல்லோரும் கடற்கரைக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை. படகுகள் மணலில் ஏறி வெயில் காய்ந்தன. ஆண்கள் படகு நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், வலை விரித்திருந்த இடத்தை விட்டுவிட்டு இளவட்டங்கள் பந்து உதைத்தார்கள், பாதி ஊர் பலகையோடு கடலுக்குள் கிடந்தது. மரியராஜ் ஒரு கிழவியிடம் உட்கார்ந்து கருவாட்டுக்குப் பேரம் பேச ஆரம்பித்தார். அவர் பேரம் பேசினால் லேசில் எழுந்திருக்க மாட்டார். இதுதான் சமயம்.

“மதினி, செத்த நேரம். வந்துர்றேன்,” என்றாள் அமலராணி.

வேறு எதற்கோ என்று நினைத்துக்கொண்டு, “சீக்கிரம் வா, கை கோக்கணும்,” என்றாள் டெய்சி.

தென்னைகளுக்கு நடுவே ஓலைக் கொட்டகையில் பலகைகள் சாய்ந்திருந்தன. சொல்லிக்கொடுக்கிற பெண்ணின் பெயர் பிரிஸ்கில்லா. வெயிலில் கறுத்து, உப்பில் தலைமயிர் செம்பட்டையாகிப் போன இருபத்தைந்து வயதுப் பெண். அமலராணி உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்க, அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“எக்கா, நீச்சல் தெரியுமா?”

“கெணத்துல தெரியும்.”

பிரிஸ்கில்லா சிரித்துவிட்டாள். நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றாள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கிவிட்டது, வாடைக் காற்று இன்னும் எழும்பவில்லை, இந்த இடைப்பட்ட நாளில்தான் அலை முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்றாள். மணலில் பலகையைப் போட்டு, குப்புறப் படுப்பது, கையை ஊன்றுவது, ஒரே மூச்சில் எழுந்து நிற்பது எல்லாம் காட்டினாள். பிறகு பலகையின் கயிற்றை அமலராணியின் கணுக்காலில் கட்டிக் கடலுக்குள் கூட்டிப் போனாள்.

முதல் அலை அமலராணியை மதிக்கவே இல்லை. இரண்டாவது அலை மூக்குக்குள் உப்பைக் கரைத்து ஊற்றியது. கிணற்று நீச்சல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரில் விழுந்ததும் கண் படிக்கட்டைத் தேடும். இங்கே படிக்கட்டு எங்கே? அவள் கரையைத் தேடித் திரும்புவாள், முதுகுக்குப் பின்னால் வந்த அலை கவிழ்த்துவிடும். “எக்கா, கரை எங்கயும் ஓடிறாது, கடலப் பாருங்க,” என்று பிரிஸ்கில்லா கத்திக்கொண்டே இருந்தாள். எத்தனை தடவை விழுந்தோம் என்று அமலராணி எண்ணவில்லை. விழுந்தபோதெல்லாம் சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம்.

களைத்துப்போய், அலை உடைகிற இடத்தைத் தாண்டி அமைதியாக இருந்த தண்ணீரில் கொஞ்சம் ஓய்வு கேட்டாள். பிரிஸ்கில்லா பலகையைப் பிடித்துக்கொள்ள, அமலராணி பழையபடி மல்லாக்கப் படுத்தாள். கை காலை விரித்தாள். கண்ணை மூடினாள். கடல் அவளை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கியது. கிணறு ஒருநாளும் இப்படித் தாலாட்டியதில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. வந்த கண்ணீரைக் கடல் கழுவிக்கொண்டது.

கரையில் நடந்தது வேறு. தம்பி பெண்டாட்டியைக் காணோம் என்று தேடிய டெய்சி, புடவை மட்டும் கொட்டகையில் தொங்குவதைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். தன் வீட்டுப் பெண் அசையாமல் மல்லாந்து மிதப்பதைப் பார்த்தாள். கிணறு தெரியாத கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்? அவள் போட்ட கூச்சலில் கருவாடு மரியராஜின் கையிலிருந்து விழுந்தது.

அமலராணியின் காதுக்குள் தண்ணீர் போயிருந்ததால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கியபோது, ‘அருள் நிறைந்த மரியே’ ஒரே குரலாகக் கடல்மேல் வந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் வேன் முழுவதும் கைகோத்துச் சங்கிலியாகக் கடலுக்குள் நடந்து வந்தது. முழங்கால் தாண்டி, இடுப்பு வரைக்கும். முன்னால் மரியராஜ், அவர் கையை இறுகப் பிடித்தபடி டெய்சி. முழங்காலுக்கு மேல் கடலைத் தெரியாத அந்த மனிதரின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் நடந்துகொண்டிருந்தார்.

“எக்கா, ஒங்க ஆளுங்க ஒங்களக் காப்பாத்த வாராங்க,” என்றாள் பிரிஸ்கில்லா. “அவங்கள யாரு காப்பாத்துறது?”

அமலராணி கையை உயர்த்தி ஆட்டினாள். அவர்கள் அதையும் தவறாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக வந்தார்கள். பின்னால் நல்ல அலை ஒன்று எழும்புவதை பிரிஸ்கில்லா பார்த்தாள். ஏறுங்க என்றாள். அமலராணி பலகையில் குப்புற விழுந்து கையால் தண்ணீரைத் தள்ளினாள். பலகையை அடியிலிருந்து கடல் பிடித்துத் தள்ளியது. கையை ஊன்றினாள். எழுந்தாள். நின்றாள்.

நின்றேவிட்டாள். காற்று முகத்தில் அடித்தது. தன் கால்கள் தன்னுடையவைதான் என்று நம்ப முடியவில்லை. நேர் எதிரே, வழியை அடைத்துக்கொண்டு, தன் குடும்பம் மொத்தமும் கைகோத்து நிற்பதையும் பார்த்தாள்.

“கைய விடுங்க,” என்று கத்தினாள். “வழிய விடுங்க.”

யாரும் விடவில்லை. என்ன ஆனாலும் விடக் கூடாது என்பதுதானே சட்டம். டெய்சி தம்பியின் கையை இன்னும் இறுக்கினாள். மரியராஜ் மட்டும் அலைமேல் நின்று வருகிற மனைவியை வாய் பிளந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற, குழம்பு வெஞ்சனம் வைக்கிற, ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பெஞ்சில் முழங்காலிடுகிற அமலாவா இது? பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தை அவர் அப்போது செய்தார். அக்காவின் பிடியிலிருந்து கையை உதறி ஓரமாக ஒதுங்கினார்.

சங்கிலி பிரிந்தது. அந்த இடைவெளியில் அமலராணி நின்றபடியே போனாள். அவளுக்குப் பின்னால் அலை எல்லோரையும் பாரபட்சமில்லாமல் உருட்டியது. ஆழம் இடுப்பளவுதான் என்பதால் எல்லோரும் எழுந்தார்கள். கடைசியாக எழுந்த டெய்சி வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தாள். அதற்கப்புறம் யாரும் கரையேறவில்லை. கையைக் கோக்கவும் இல்லை.

பலகை மணலில் தட்டிய இடத்தில் அமலராணி உட்கார்ந்திருந்தாள். மரியராஜ் வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். திட்டு விழும் என்று அவள் காத்திருந்தாள்.

“ஒனக்கு எப்பருந்து நீச்சல் தெரியும்?”

“சின்னப் புள்ளையிலருந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே.”

“நீங்க ஒரு நாளும் கேக்கலயே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்தில், ஈர மணலில், மெதுவாக உட்கார்ந்தார். பிறகு பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போலக் கூச்சத்தோடு கேட்டார்.

“வேற என்னென்ன தெரியும் ஒனக்கு?”

அமலராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

“வண்டில ஏறுங்க, சொல்றேன். திண்டுக்கல் வரைக்கும் சொல்லலாம், அம்புட்டு இருக்கு.”