எஞ்சின் ஆறட்டும்

வண்டியை யாரும் தொடக்கூடாது என்று மெக்கானிக் தங்கவேல் சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப் திறக்கும் முன்பே வேதமுத்துவும் செல்வகுமாரும் வந்து வாசலில் நின்றார்கள். தகரக் கதவின் இடுக்கு வழியே, இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடும் அந்த வெள்ளைக் கார் தெரிந்தது.

அது ஓர் இரவு முழுக்கச் சும்மா நின்று வேதமுத்து பார்த்ததே இல்லை. பகலில் அவன் ஓட்டுவான், இரவில் செல்வகுமார். ஐ.டி. ஆபீஸ் ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் காலையும் மாலையும் சாவி கை மாறும். செல்வகுமார் நெட்டை, சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருப்பான். வேதமுத்து குள்ளம். ஏறியதும் முதல் வேலை, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கம்பியைத் தூக்கி, முன்னால் இழுப்பதுதான். "காலு கொரட்டூர்ல கீது, தலை ஆவடியில கீது. எப்படிடா ஓட்டுற?" என்று தினமும் கேட்பான். தினமும் இருவரும் சிரிப்பார்கள். சீட்டில் மற்றவனின் உடம்புச் சூடு இருக்கும். பானெட்டிலும் சூடு இருக்கும்.

கொஞ்ச நாளாக வண்டியில் இழுவை இல்லை. பாடி மேம்பாலம் ஏறுவதற்குள் திணறியது. எஞ்சின் விளக்கு எரிந்தது எரிந்தபடி இருந்தது. முதலாளி ரவிச்சந்திரன் ஒரே போடாகப் போட்டார்.

"நல்ல வண்டி எப்படிய்யா மக்கர் பண்ணும்? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் கண்டபடி மிதிக்கிறான். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. அவன நிறுத்திடறேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரைச் சொல்வது? வண்டியைத் தங்கவேலிடம் கொண்டுவந்தார்கள்.

தங்கவேல் ஸ்கேனரை மாட்டினார். வால்வு திறக்கும் நேரத்தில் கோளாறு என்றது அது. ஆயிலை அளந்து அனுப்பும் சின்ன வால்வைக் கழற்றினார். அதன் சல்லடையில் தார் போல அழுக்கு அப்பியிருந்தது. கழுவி மாட்டினார். விளக்கு அணைந்தது. மறுநாளே மறுபடி எரிந்தது.

"அப்போ உள்ளாற கீற பல்சக்கரம்தான் நைனா," என்றார். "வால்வு தொறக்கிற நேரத்த முன்ன பின்ன தள்றது அதான். ஆயில் ப்ரெஷர்ல நகரும். வண்டி நின்னா ஒரு பின்னு வந்து அத்த பூட்டிக்கும். அந்தப் பின்னு தேஞ்சு பூட்டலன்னா, ஆறின எஞ்சின ஸ்டார்ட் பண்றப்போ கடகடன்னு ஆடும். ஆயில் மேல ஏறிச்சுன்னா கப்சிப்."

"எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கலியே?"

"எங்க கேக்கும்? நீங்க எஞ்சின ஆற வுட்டாத்தானே!"

ராத்திரி முழுக்க வண்டி நிற்க வேண்டும் என்றார். முதலாளி தன் காதால் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் குற்றம் எஞ்சினுடையது. இருவருக்கும் வேலை தங்கும். கேட்காவிட்டால் ஒருவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வேதமுத்துதான் செல்வகுமாரை மடக்கினான். "ஒரே ஒரு ராத்திரிடா. ஷிப்ட்ட வுட்டுக் குடு. அப்புறம் நம்மள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நீ சொன்னா சரி அண்ணாத்தே," என்றான் செல்வகுமார். வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தானோ.

தங்கவேல் வந்து கதவைத் திறந்தார். ரவிச்சந்திரனும் போனில் பேசிக்கொண்டே வந்து சேர்ந்தார். பானெட்டைத் தூக்கியதும் வேதமுத்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது. யாருடைய வண்டியையோ தொடுவது போல இருந்தது அவனுக்கு.

தங்கவேல் சாவியைத் திருப்பினார்.

தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சின் கடகடத்தது. இரண்டு மூச்சு விடும் நேரம். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடத் தொடங்கியது. வண்டி கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவர்களை அந்த எஸ்டேட் பார்த்திருக்காது. செல்வகுமார் வேதமுத்துவின் தோளை வலிக்க வலிக்க இறுக்கினான்.

"கேட்டீங்களா சார்?" என்றான் வேதமுத்து.

"கேட்டேன், கேட்டேன். ஏன் இப்படி ஆச்சு?"

தங்கவேல் எஞ்சினை நிறுத்தி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி நீட்டினார். கறுப்பாக, கூழாக ஒட்டியிருந்தது. "நேரத்துக்கு ஆயில் மாத்தல சார்."

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்று செல்வகுமார் முந்திக்கொண்டான். "டிரிப்பு ஓடிகினு கீது, அடுத்த மாசம் பாக்கலாம்னீங்க."

ரவிச்சந்திரனின் முகம் சுண்டியது. பிறகு பானெட்டின் விளிம்பைத் தடவிக் கொடுத்தார்.

"ராப்பகலா ஓடினா எந்த எஞ்சின்தான் தாங்கும்? அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?"

"ரெஸ்ட்டு இல்ல சார், ஆயிலு..." என்று ஆரம்பித்தார் தங்கவேல்.

"நீங்க அந்தச் சக்கரத்த மாத்திடுங்க. இனிமே ராத்திரியில வண்டி நிக்கட்டும்." செல்வகுமார் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "நீ வேற எங்கயாவது பாத்துக்கப்பா. அவசரத்துக்கு ஆள் வேணும்னா கூப்பிடறேன்."

"சார், நேத்து ஷிப்ட்ட வுட்டுக் குடுத்ததே அவன்தான் சார்..." என்றான் வேதமுத்து.

"உனக்குப் பகல் ஷிப்ட் இருக்கில்ல?"

வேதமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே வாயை மூடிக்கொண்டான்.

செல்வகுமார் காரின் பின்கதவைத் திறந்து தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தான். "வுடு அண்ணாத்தே. நீயாவது கீறியே," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். வேதமுத்து கூப்பிடலாமா என்று நினைத்தான். கூப்பிட்டு என்ன சொல்வது?

புதுச் சக்கரம் மாட்டி வண்டி திரும்பி வந்தது. இரவில் ரவிச்சந்திரனின் அபார்ட்மென்டுக்குக் கீழே, புதிதாக வாங்கிய உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. காலையில் வேதமுத்து உறையை உருவி மடித்து வைத்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லாமல் எஞ்சின் எழுந்தது. பழக்கத்தில் சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கம்பியைத் தூக்கி, முன்னால் இழுத்தான்.

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் நேற்று அவன் விட்ட இடத்திலேயே, சில்லென்று இருந்தது.