எட்டடி வழி

பத்திரம் எழுதுகிறவர், மேஜைமேல் இருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“பாகப்பிரிவினைன்னு வந்தா முதல் வேலை இதுதான்,” என்றார். “கூடப் பொறந்தவங்க எதிரெதிரே உக்காரும்போது கைக்கு எட்டற தூரத்துல கனமான சாமான் இருக்கக் கூடாது. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.” நெற்றியோரத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

தங்கை கலகலவென்று சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வரத்தான் பார்த்தது. தங்கை முந்திக்கொண்டதால் உள்ளேயே நின்றுவிட்டது.

எப்போதும் இப்படித்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கொஞ்ச நேரத்தில் அங்கிருப்பவர்கள் தங்கையின் ஆட்களாகிவிடுவார்கள். இந்த மனிதரும் அவளிடம், “டீக்குச் சர்க்கரை கம்மியாவாம்மா?” என்று கேட்டுக் கேட்டு வரவழைத்தார். அக்காவின் முன்னால் ஒரு கோப்பை வந்து உட்கார்ந்தது. சர்க்கரை பற்றி யாரும் கேட்கவில்லை. பாகாக இருந்தது. அவள் அப்படியே குடித்தாள்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். இரண்டு பெண்கள், வேறு வாரிசு கிடையாது. சட்டப்படி ஆளுக்குப் பாதி. ஆனால் சட்டம் பாதி என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எந்தப் பாதி என்று சொல்லாது. அதற்கு அந்த வீட்டில் அப்பா போட்ட ஒரு பழைய சட்டம் இருந்தது. பெரியவள் வெட்ட வேண்டும், சின்னவள் எடுக்க வேண்டும்.

ஆப்பிளானாலும் ரொட்டியானாலும் அதே கதைதான். சின்னவள் முதலில் எடுப்பாள் என்று தெரிவதால் பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபாதியாக வெட்டுவாள். “என் பெரியவ கையில தராசு இருக்கு” என்பார் அப்பா. ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் எடைபோட்டு விற்ற மனிதர். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கத்தி இவளுக்கு, துண்டு அவளுக்கு என்று ஆகிவிட்டதை மட்டும் அவர் கவனிக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே பெரியவள் ஒரு வித்தை கண்டுபிடித்தாள். தனக்கு வேண்டாத துண்டையே கண் கொட்டாமல் பார்ப்பாள். எச்சிலை விழுங்குவாள். தங்கையின் கை நேராக அந்தத் துண்டுக்குப் போகும். மிச்சமிருப்பதை அக்கா அலுத்துக்கொண்டே எடுத்துக்கொள்வாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. பின்னாளில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து சோதனைக் குழாய்களோடு பழகிய பிறகு, அதை அவள் ஒரு விதியாகவே நம்பினாள். எத்தனை தரம் செய்தாலும் ஒரே விடை வந்தால் அது விதிதானே?

இப்போது வெட்ட வேண்டியது மனை. தெருவைப் பார்த்த முன் பாகத்தில் இரண்டு கடைகள், மேலே ஒரு மாடி வீடு. பின் பாகத்தில் அப்பா கட்டிய மூன்று அறை வீடு, துவைக்கிற கல், ஒரு எலுமிச்சை மரம். அக்காவும் அவள் கணவரும் இருப்பது பின் வீட்டில். அப்பா கடைசி வருடங்களில் படுத்துக் கிடந்ததும் அங்கேதான், ஜன்னலோர அறையில். துடைத்தது, புரட்டிப் படுக்க வைத்தது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது எல்லாம் அக்கா. தங்கை வெளியூரில் வங்கி வேலை. மாதம் ஒரு தரம் பழப்பையோடு வந்து போவாள்.

அவள் வருகிற நாள் காலையில் அப்பா, “சவரம் பண்ணி விடும்மா” என்பார். வாசலில் அவள் குரல் கேட்டதுமே முகம் மலர்ந்துவிடும். மாதமெல்லாம் முனகிய வாய் அன்று ஒருநாள் சிரிக்கும். சவரம் செய்த கை இங்கே. சிரிப்பு அங்கே.

அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. போகட்டும், அந்த வீடாவது தனக்கு வேண்டும். கேட்டால் தங்கை கொடுத்தாலும் கொடுப்பாள். ஆனால் கேட்பதா? அவள் கொடுத்து இவள் வாங்குவதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அதனால் பழைய வித்தையைக் கையில் எடுத்தாள். தானே டேப் பிடித்து அளந்து, முன் பாகம், பின் பாகம் என்று கோடு போட்டாள். போனில் தங்கையிடம் முன் பாகத்தின் புராணம் பாடினாள். மாடியில் என்ன காற்று, கடைக்காரர்கள் எவ்வளவு தங்கமானவர்கள், தெருவைப் பார்த்த இடத்துக்கு ஈடு உண்டா என்று.

“உனக்கென்ன, பின் வீடு கசந்துடுச்சா?” என்று கேட்டார் கணவர்.

“நீங்க சும்மா இருங்க. மீன் பிடிக்கணும்னா குட்டையைக் கலக்கித்தான் ஆகணும்.”

பின் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக வேண்டுமென்றால் முன் பாகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் பொதுவழியாக எட்டடி விட்டாள். கணவரின் கார் தாராளமாக வந்து போகும். அந்தக் கோட்டைப் போடும்போது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

“ஆக,” என்று தொண்டையைச் செருமினார் பத்திரம் எழுதுகிறவர். “அ பாகம் முன்பக்கம். ஆ பாகம் பின்பக்கம். ஒருத்தர் பிரிச்சாச்சு. இன்னொருத்தர் எடுக்கணும். சொல்லுங்கம்மா.”

அக்கா வரைபடத்தில் முன் பாகத்தையே பார்த்தாள். கண் கொட்டவில்லை. எச்சில்கூட விழுங்கினாள்.

தங்கை வரைபடத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குப் பின் பாகம்,” என்றாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மட்டும் காற்று நின்றுபோனது.

“முன்னாடி ரெண்டு கடை இருக்குடி.”

“இருக்கட்டும்க்கா. நீ ஆசைப்பட்டதை நான் பிடுங்கிப்பேனா?”

“அடடா,” என்றார் பத்திரம் எழுதுகிறவர். “இப்படியொரு தங்கச்சி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா. போன வாரம் ஒரு அண்ணன் தம்பி வந்தாங்க. ஒரு தென்னை மரத்துக்கு மூணு மணி நேரம்.”

வீடும் தங்கைக்கு, நல்ல பேரும் தங்கைக்கு. சவரத்துக்கும் சிரிப்புக்கும் நடந்ததே மறுபடி நடக்கிறது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல அவர் அடுத்ததையும் படித்தார்: “மேற்படி ஆ பாகத்துக்காரர் போக வர, அ பாகத்துக்காரர் தன் நிலத்தில் எட்டடி அகலத்துக்கு வழி விட வேண்டியது. அதாவது நீங்கம்மா.”

சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

“எட்டடி எதுக்கு?” என்று வெடுக்கென்று கேட்டாள் அக்கா. “மூணு அடி போதும். ஆள் போனா சரிதானே?”

சொன்ன பிறகுதான் தங்கையின் உதட்டோரத்துச் சிரிப்பைப் பார்த்தாள்.

“சார்,” என்றாள் தங்கை, “எதிர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நம்ம டோக்கன் எப்ப வரும்னு பாத்துட்டு வரீங்களா?”

அவர் இரண்டு முகங்களையும் பார்த்தார். எழுந்தார். மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தங்கை வரைபடத்தில் அந்த வழியின் மேல் விரலை வைத்தாள்.

“இங்கதான் மாட்டிக்கிட்ட. முன் பாகம் வேணும்னு நினைக்கறவ, தன் நிலத்துல எட்டடியைத் தூக்கி எதிராளிக்குக் குடுப்பாளா? அதுவும் நீ? ரொட்டியில துணுக்கு உதிர்ந்தா அதையும் ரெண்டாக்கினவ நீ.”

அக்கா காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“நீ எதைப் பாக்கறியோ அது உனக்கு வேண்டாததுன்னு எனக்கு எப்பவோ தெரியும்க்கா. அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் அதையே எடுத்த?”

“ரெண்டும் ஒரே அளவு. எனக்கு எதுவானா என்ன? நீ ஏமாத்திட்டதா நினைச்சு உள்ளுக்குள்ள சிரிப்ப பாரு, அதைப் பாக்க நல்லா இருக்கும். அப்ப மட்டும்தான் நீ சிரிப்ப.”

இத்தனை வருட வெற்றிகளும் ஒரே நொடியில் பிச்சையாக மாறின. ஒவ்வொரு ஆப்பிளும், ஒவ்வொரு ரொட்டியும். கேட்காமலே வாங்கியிருக்கிறாள். கொடுத்தவள் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.

“அப்ப இப்பவும் விட்டுக் குடுத்திருக்க வேண்டியதுதானே? பெரிய தர்மப்பிரபு!”

“இந்தத் தடவை முடியாது. இது எனக்கு வேணும்.”

“எதுக்கு? வெளியூர்ல இருந்துக்கிட்டு பூட்டி வைக்கவா?”

“ஆமா. பூட்டி வைப்பேன்.” தங்கையின் குரல் முதல் தடவையாக உடைந்தது. “எனக்குன்னு அங்க என்ன இருக்கு? நாலு வருஷம் அப்பா உன்கிட்ட இருந்தாரு. என்கிட்ட ஒரு தடவைகூட வலிக்குதுன்னு அவர் சொன்னதில்ல, தெரியுமா? நான் வந்தா சவரம் பண்ணிக்கிட்டு உக்காந்து சிரிப்பாரு. விருந்தாளியைப் பாத்துச் சிரிக்கற மாதிரி. உன்கிட்ட மட்டும்தான் முனகினாரு. ராத்திரி நான் அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டு கேட்டிருக்கேன். ‘பெரியவளே, பெரியவளே’ன்னு. ஒரு நாளாவது என் பேரு வந்துச்சா?”

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முனகலுக்காகவா ஒருத்தி பொறாமைப்படுவாள்? படுகிறாள். கண்ணெதிரே உட்கார்ந்து படுகிறாள். அது பொய்யில்லை என்று அக்காவுக்கு உடனே தெரிந்தது. அந்த முகத்தை அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உள்ளே ஓரத்தில் குளுகுளுவென்றுதான் இருந்தது.

“எனக்குப் பின் வீடுதான் வேணும்,” என்றாள் அக்கா. “கேக்கறேன்டி. வாயைத் திறந்து கேக்கறேன். போதுமா?”

தங்கை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சும்மா குடுத்தா நீ வாங்கிக்க மாட்ட,” என்றாள் கடைசியில். “சும்மா குடுக்க எனக்கும் மனசு வரல. அதனால இந்தத் தடவை நான் வெட்டறேன். நீ எடு.”

பத்திரம் எழுதுகிறவர் திரும்பி வந்து வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். ரத்தம் எதுவும் தெரியாததால் உள்ளே வந்தார்.

“சார், ஸ்கேல் குடுங்க,” என்றாள் தங்கை.

“கனமான சாமான் இல்லையே,” என்று யோசித்துக் கொடுத்தார்.

தங்கை வாழ்க்கையில் எதையும் வெட்டியதில்லை. பென்சிலை எழுதுகிறவள் போலப் பிடிக்காமல், குத்துகிறவள் போலப் பிடித்தாள். நடுக்கோட்டைத் தொடவில்லை. எட்டடி வழியின் கோட்டை மட்டும் அழித்தாள். உள்ளே தள்ளி, கோணல்மாணலாக, புதுக்கோடு ஒன்று போட்டாள்.

“மூணு அடி,” என்றாள். “ஆள் போனா சரிதானேன்னு நீதான் சொன்ன.”

“அம்மா, மூணு அடியில வண்டி போகாது,” என்றார் அவர் பதறி. “இந்தக் கோணல்ல கட்டில் பீரோகூடத் திரும்பாது. பின்னாடி வித்தா எடுக்க ஆள் வராது. நான் சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

அக்கா அந்த ஒல்லிக் கோட்டைப் பார்த்தாள். இனி மழையிலும் வெயிலிலும் கணவர் காரைத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வருவார். தினமும் ஏதாவது சொல்வார். அப்பாவின் கட்டில் அந்த வீட்டை விட்டு இனி வெளியே வர முடியாது.

வராவிட்டால் போகிறது. அது எங்கே வரப்போகிறது?

“பின் பாகம்,” என்றாள்.

“எடுத்துக்கோ,” என்றாள் தங்கை.

பிரிண்டர் புதுப் பக்கங்களைத் துப்பியது. மை உலராத வாசனையோடு அவற்றை அவர் மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவள் முதலில். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு வரைபடம் இருந்த பக்கத்துக்கு வந்தாள்.

வீடு அவளுடையது. கேட்டு வாங்கியது, தன் வாயால். நெஞ்சு நிறைந்திருக்க வேண்டிய நேரம்.

வழி குறுகியதால் முன் பாகம் சற்று விரிந்திருந்தது. ஐந்தடி கூடுதல். அந்த ஐந்தடியில் படிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பலாம். மாடிக்குத் தனி வாசல் வரும். மாடியில் உண்மையாகவே நல்ல காற்றுதான், போனில் சொன்னது பொய்யில்லை. சாயங்கால வெயில் நேராக விழும். அந்தக் கடைக்காரர்களும் தங்கமானவர்கள்தான், யோசித்துப் பார்த்தால்.

“என்னக்கா,” என்றாள் தங்கை. அவள் குரலில் சிரிப்பு இல்லை. “அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்க?”

“இல்லையே.”

தங்கை உள்ளங்கையை விரித்து முன் பாகத்தின் மேல் வைத்து மூடினாள்.

“கையெழுத்தைப் போடு,” என்றாள்.