டீக்குச் சொன்ன ஆமா

மார்க்கெட்ல காய்கறி ஏலம் விட்டவன் நான். ஒரு தரம், ரெண்டு தரம்னு என் வாய் ஓட ஆரம்பிச்சா, சும்மா மூக்கைச் சொறிஞ்சவன் தலையிலயும் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கட்டிடுவேன். பீரங்கின்னு கூப்பிடுவானுங்க. பக்கவாதம் வந்து அந்த வாயைத்தான் முதல்ல பிடுங்கிச்சு. மிச்சம் இடது கை ஆள்காட்டி விரல். தலை அதுபாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கறதால, நான் தலையாட்டிச் சொல்றதை எவனும் நம்பறதில்ல.

எனக்குப் பதிலா பேசற ஆப் ஒண்ணைப் போட்டு, மகன் அவனோட பழைய டேப்லெட்டைக் கொடுத்தான். கட்டம் கட்டமா படம், பார்க்கச் சகிக்காது. ஆனா தொட்டதும் பட்டுனு பேசும். "இந்தச் சட்டை எப்படிப்பா?"ன்னு ஒருநாள் கேட்டான். கேட்ட வாய் மூடறதுக்குள்ள "வேண்டாம்"னு அடிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சான். அன்னிக்கு நான் மறுபடியும் பீரங்கி.

அப்புறம் அந்த எழவு புது வெர்ஷன் வந்துச்சு. "எவ்வளவு அழகா அசையுது பாருங்கப்பா!" அழகுதான். தொட்டா கட்டம் உப்புது, சுருங்குது, திரை சறுக்கிப் போகுது, இன்னொண்ணு மிதந்து வருது. பழைய டேப்லெட் இந்தக் கூத்தைத் தாங்காம நடுவுல திணறி நிக்குது. எல்லாம் ஆடி முடிச்சாத்தான் வாயைத் திறக்கும். ஏலத்துல இவ்வளவு நேரம் எடுத்தா வெண்டைக்காய் முத்திடும்.

ஒரு சாயங்காலம் மகன் வேலை முடிஞ்சு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம என் பக்கத்துல உக்காந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு.

"டீ போடவாப்பா?"

"ஆமா"வைத் தொட்டேன். உப்புச்சு. சுருங்குச்சு.

அவன் எந்திரிக்கல. "அந்த முதியோர் இல்லம் சொன்னேனே, அங்க சேர்த்துடவா? எங்களால முடியலப்பா."

திரை சறுக்கி வந்து நின்னுச்சு. "ஆமா"ன்னு சொல்லிடுச்சு.

அடப்பாவி, அது டீக்குடா! "வேண்டாம்"ங்கற கட்டத்தை விடாம குத்தினேன். அது ஆற அமர உப்ப ஆரம்பிச்சுது. மகன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்.

"கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்பா." மூக்கை உறிஞ்சிட்டு, "தலையணையை ஏத்தி வைக்கவா?"ன்னான்.

"வேண்டாம். வேண்டாம்."

"சரிப்பா, சரிப்பா"ன்னு தலையணையை விட்டுட்டான்.

அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேக்கல. பையில துணி அடுக்கும்போது "வேண்டாம்" அடிச்சேன். அது பேசற நேரத்துக்கு அவன் கையில எந்தச் சட்டை இருந்துச்சோ, அதை மட்டும் எடுத்து வெளிய வச்சான். 

இல்லத்துல என்னைப் பார்த்துக்கற பொண்ணு டேப்லெட்டை வாங்கிப் பார்த்தா. "என்ன தாத்தா, இது இந்த ஆட்டம் ஆடுது?" செட்டிங்ஸ்ல எங்கயோ உள்ள போய் ஒண்ணை அணைச்சா. "அனிமேஷனை எடுத்துட்டேன்." தொட்டேன். பட்டுனு பேசுச்சு. அவ்வளவுதான் வேலை.

மகன் வந்தான். கண்ணுல சிவப்பு இல்ல, நல்லாத் தூங்கின முகம். "உங்க ரூம்லதான்பா பாப்பா இப்பப் படிக்குது"ன்னான், என் பேத்தியைச் சொல்லி. அப்புறம், "இங்க பிடிச்சிருக்காப்பா?"

விரல் தொடாம "வேண்டாம்" மேலயே நின்னுச்சு. அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு போல"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னான்.

விரலை நகர்த்தி "ஆமா"வைத் தொட்டேன். பட்டுனு சொல்லிடுச்சு.