கோடி வேட்டி

ஆதிமூலம் செத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை அவனே பாகூர் பூராவும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு அவன் பெண்டாட்டி காசம்மாளுக்குக் காது புளித்துவிட்டது.

வேறொன்றுமில்லை. புயலில் சிக்கிய மீன்காரர்களைப் பற்றிப் படம் எடுக்க, போன ஆடியில் சென்னைப்பட்டணத்திலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வீராம்பட்டினத்துக்கு வந்தது. கட்டுமரம் கவிழ்ந்து ஆறு பேர் முழுகிச் சாக வேண்டும். "தெனம் கடலுக்குப் போறவன் கடல்ல செத்தாப்புல நடிப்பானா? அதுவும் ஆத்தாளுக்குத் தேர் ஓடற மாசத்துல?" என்று அங்கே ஒருவரும் சம்மதிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கட்டுமரத்தை மட்டும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாகூர் ஏரிக்கு வந்து, களை பறித்துக்கொண்டிருந்த ஆறு பேரைப் பிடித்து மீன்காரர்களாக்கினார்கள். அதில் ஒருவன் ஆதிமூலம். அவன் கடலைப் பார்த்ததே இரண்டு முறைதான், அதுவும் மாசி மகத்தன்று கரையில் நின்று.

ஏரியில் இடுப்பளவுதான் தண்ணீர். இரண்டு பேர் கயிற்றைக் கட்டி மரத்தை ஆட்டினார்கள், நான்கு பேர் குடம் குடமாக முகத்தில் ஊற்றினார்கள். அதுதான் புயல். முழுகுவதற்கு ஆதிமூலம் முட்டி போட வேண்டியிருந்தது. இவ்வளவுக்குத்தான் ஒன்பது மாதப் பெருமை.

காசம்மாளுக்கு இருந்த கவலையே வேறு. மகள் ருக்குமணிக்கு அரியாங்குப்பத்தில் இடம் கூடிவந்திருந்தது. பையனின் அப்பா குழந்தைவேல் நல்ல மனிதர்தான், ஆனால் முறை தவறினால் முகத்தில் அடித்தாற்போல் பேசிவிடுவார். "தாய்மாமன் கையால தாம்பூலம் வாங்கினாத்தான் பரிசம். இல்லன்னா நாங்க ஏந்திரிச்சுப் போய்க்கினே இருப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தாய்மாமன் என்றால் காசம்மாளின் ஒரே அண்ணன், திருக்கனூர் இருசப்பன். அவன் இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். ருக்குமணிக்குக் காது குத்தியபோது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமனை ஆதிமூலம் மறந்துபோய் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டான். இருசப்பன் இலையை மூடிவிட்டு எழுந்து போனவன்தான். பரிசத்துக்கு வரச் சொல்லிக் காசம்மாள் போன வாரம் பங்காளி மணவாளனை அனுப்பினாள். "அவன் செத்தாத்தான் அந்த வூட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்று பதில் வந்தது. ஒருத்தன் மறதிக்கும் ஒருத்தன் வீம்புக்கும் நடுவில் தன் பெண்ணின் கல்யாணம் நசுங்குகிறதே என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

பரிச நாளும் வந்துவிட்டது. அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே ஓலம்.

"ஐயோ காசம்மா! உன் குடி முழுகிப்போச்சே!"

இருசப்பன்தான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி செங்கமலம் மாரடித்துக்கொண்டு வந்தாள். மாவிலைத் தோரணத்தைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. நேரே உள்ளே வந்து, கரண்டியும் கையுமாக நின்றவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு செங்கமலம் ஒப்பாரியே வைத்துவிட்டாள். இருசப்பன் கையில் புது வேட்டி. பிணத்தின்மேல் போர்த்துகிற கோடி.

"யாரு அண்ணி செத்தது?" என்று காசம்மாள் மூச்சுத் திணறக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் கிணற்றடியில் குளித்துவிட்டு, தலையெல்லாம் சொட்டச் சொட்ட வந்து நின்றான். செங்கமலம் வீலென்று கத்தினாள்.

"வாங்க மச்சான்" என்றான் ஆதிமூலம், பல்லெல்லாம் தெரிய.

இருசப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "டேய், நேத்து சாயங்காலம் திருக்கனூர்ல கொட்டகை போட்டுப் படம் காட்டினான். நீ முழுகினத நான் கண்ணால பாத்தேனேடா!"

"அது சினிமா மச்சான். நல்லா இருந்துச்சா? எத்தினி நேரம் தெரியறேன்?"

அந்தக் கேள்விக்காகவே அவனை நிஜமாக முழுக்கிவிடலாம்போல் இருந்தது காசம்மாளுக்கு.

"போட்டோன்னா நடக்கறதத்தான புடிப்பான்? இன்னா எழவுடா இது!" இருசப்பன் முகம் அவமானத்தில் கறுத்துப்போயிற்று. எழுந்து வேட்டியை உதறினான். "வா செங்கமலம். உயிரோட இருக்கறவன் வூட்டுல எனக்கு இன்னா வேல?"

காசம்மாள் கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"நில்லுண்ணா. அவரு செத்தாத்தான் வாசப்படிய மிதிப்பேன்னு சொன்னே இல்ல? செத்துட்டாரு. நீயே பாத்தே, திருக்கனூரே பாத்திச்சு. நீயும் மிதிச்சுட்டே. உன் சபதம் தீந்துபோச்சு. இப்ப உன் மருமவளுக்குத் தாம்பூலம் வாங்கறியா, இல்ல இந்தக் கோடிய எனக்குப் போத்திட்டுப் போறியா?"

இருசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மணவாளன்கிட்ட அந்த வார்த்த சொன்னேன். அஞ்சாம் நாள் இவன் திரையில முழுகறான். கைய மட்டும் மேல நீட்டறான். என் வாய்தான் இவன அடிச்சிடுச்சின்னு நெனச்சேன் காசம்மா. கொட்டகையில எழுந்து நின்னு மச்சான் மச்சான்னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சானுங்க."

ஆதிமூலம் ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து மச்சானிடம் நீட்டினான்.

எழவு வீட்டுக்கு எடுத்துவந்த கோடியைத் திரும்ப எடுத்துப் போகக்கூடாது. அதை என்ன செய்வது என்று மூன்று பேரும் விழித்தார்கள். காசம்மாள் வெடுக்கென்று அதைப் பிடுங்கி, நான்கு மூலையிலும் மஞ்சளைத் தடவிப் புருஷன்மேல் எறிந்தாள். "கட்டிக்கோ. செத்தது நீதான."

வெயில் தாழ அரியாங்குப்பத்து ஆட்கள் வந்தார்கள். இருசப்பன் சபையில் உட்கார்ந்து தாம்பூலம் வாங்கினான். "வேட்டி ஜோரா இருக்குதே சம்பந்தி, யாரு எடுத்தது?" என்று குழந்தைவேல் கேட்டார். "நான்தான்" என்றான் இருசப்பன் அவசரமாக. "எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

முதல் பந்தியில் முதல் இலை அண்ணனுக்கு. காசம்மாளே போட்டாள். இருசப்பன் உட்காரவில்லை. கூடத்தில் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஆதிமூலத்தின் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்து இலையில் உட்கார வைத்த பிறகுதான் உட்கார்ந்தான்.

சோறு விழுந்ததும் ஆதிமூலம் தொண்டையைச் செருமினான். "அன்னிக்கு ஏரியில பாருங்க சம்பந்தி, நான் முழுகறேன்..."

"சோத்தத் தின்னுடா" என்றான் இருசப்பன், தலை நிமிராமல். இடது கையால் ஆதிமூலத்தின் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டான். "அத மட்டும் இனிமே சொல்லாத."

ஆதிமூலம் வாயை மூடிக்கொண்டான். ஒன்பது மாதமாகக் காசம்மாளால் ஆகாத காரியம் அது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.