இடது பக்கத் தெரு

வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டைப் பிடித்துவிடலாம் என்று மலையாண்டி அமரர் ஊர்தி டிரைவருக்குக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாய்க்கரிசி போட்ட கையைச் சேலையில் துடைத்தபடி ரோகிணி வாசலுக்கு வந்தாள். உள்ளே அவள் புருசன் அழகுபாண்டியைத் தூக்க ஆட்கள் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, இடது பக்கமா போகட்டும்."

மலையாண்டி தம்பி பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குத்தா? சுத்தாச்சே."

"சுத்தட்டும்."

அழகுபாண்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். திருமங்கலத்துக்கும் மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குமாகப் போய் வந்தே வேலைக்காலம் முடிந்தது. ஓய்வு பெற்ற அன்றைக்குத் தலையணையைக் கால்மாட்டில் போட்டுப் படுத்தார். ஒரே ரூட்டிலேயே ஆயுசு போய்விட்டது, இனி தினமும் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கணும் என்றார். ஒரு வாரத்தில் சலித்துவிடும் என்று ரோகிணி நினைத்தாள். சலிக்கவில்லை. இடது கையால் பல் தேய்த்தார். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். கிழிந்த குடையின் கம்பிகளைப் பிரித்து அவரைச் செடிக்குப் பந்தல் கட்டினார். ஒருநாள் அடுப்படிக்குள் புகுந்து கொய்யாக்காயில் புளிக்குழம்பு வைத்தார்.

"என்னத்தையும் மாத்துங்க, சோத்துல மட்டும் கைய வைக்காதீக" என்று அன்றைக்குச் சத்தம் போட்டாள். அவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அதே குழம்பை அவளே வைத்துச் சாப்பிட்டதை அவரிடம் சொல்லவில்லை.

காலை நடைக்கும் ஒவ்வொரு நாளும் வேறு தெரு. திருநகரில் இத்தனை தெருக்கள் இருப்பதே அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளாக இடது பக்கத் தெருவில் ஒரு மாடிவீட்டைப் பற்றியே பேச்சு. யாரோ பழைய டிஷ் ஆண்டெனாவில் பாகற்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார்களாம். "கொடைய விரிச்சு வச்ச மாதிரி இருக்கு ரோகிணி. ஒரு எட்டு வந்து பாரேன்."

நாளைக்கு வாரேன் என்பாள். பால் பொங்கும், குழாயில் தண்ணீர் வரும், நாள் போய்விடும். நேற்றுக் காலையிலும் அதையேதான் சொன்னாள். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இதை மலையாண்டியிடம் எப்படிச் சொல்வது? பாகற்கொடிக்காகப் பிணத்தைச் சுற்றி எடுத்துப் போங்கள் என்றா?

மகன் காசிராஜன் பக்கத்தில் வந்தான். "அம்மா, நேரமாகுது. மெயின் ரோடு அப்பா பஸ்ல எப்பவும் போன ரோடுதானம்மா?"

"அதுனாலதான் வேணாங்கறேன்."

அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு டிரைவரிடம், "அண்ணே, இடது பக்கம் திருப்பிக்கங்க" என்றான்.

"செத்தும் நேரா போக மாட்டேங்கிறான் பாரு" என்றார் மலையாண்டி. யாரோ சிரித்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மலையாண்டியே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்.

தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். கொட்டுச் சத்தத்துக்குப் பின்னால், நாத்தனார் முருகம்மாளின் கையைப் பிடித்தபடி ரோகிணி நடந்தாள். மாடிகளைப் பார்க்க முயன்றாள். ஊர்தியின் கூரையும் வெடிப்புகையும் மறைத்தன. முனையில் வண்டி நின்றது. பெண்கள் விழுந்து அழுதார்கள். வண்டி கிளம்பி வளைவில் மறைந்தது.

திரும்பி நடக்கையில்தான் அது தெரிந்தது. ரோகிணி நின்றுவிட்டாள்.

முருகம்மாள் கையை இழுத்தாள். "மதினி, தீட்டோட அடுத்தவுக வாசல்ல நிக்கக் கூடாது. வாங்க."

"நீங்க முன்னாடி போங்க. வாரேன்."

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், கீழே அழுத முகங்களைக் கண்டதும் வாளியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். ஆண்டெனாவின் விளிம்பே தெரியாமல் கொடி மூடியிருந்தது. மஞ்சள் பூக்கள். ஓரத்தில் இரண்டு பிஞ்சுகள் காற்றில் ஆடின.

குடை மாதிரி இல்லை. அரிசி புடைக்கிற சொளகைக் கவிழ்த்து வைத்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள்.

பெண்கள் தள்ளி நின்று காத்திருந்தார்கள். ரோகிணி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்தும் ஒரு தடவை பார்த்தாள்.