சாவி இல்லாத மாருதி

முடக்குவாதத்தில் சித்ரகலாவின் விரல்கள் மடங்கிப் போனதிலிருந்து, காலையில் பழைய மாருதியின் சாவியைத் திருகிவிடுவது புருஷன் பிரபாகரின் வேலை. ஸ்டியரிங்கை எப்படியோ பிடித்துவிடுவாள், சாவிதான் அடம்பிடிக்கும். சாயங்காலம் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேனைக் கெஞ்ச வேண்டும்.

"இன்னொருத்தர் கைய எதிர்பார்த்து ஓட்டறதுக்கு, வண்டிய வித்துப்போடலாமுங்க" என்றாள் ஒருநாள்.

பிரபாகருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில், கூரைவரை துணி ரோல்களை அடைத்து, அவள் ஓட்ட, இவன் பின்னால் இடுக்கில் உட்கார்ந்து பாடிக்கொண்டே அவிநாசிபாளையம் போன நாட்கள்! அந்தச் சுகம் இனி எந்தக் காரில் வரும்?

நிட்டிங் மெஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளை ரிப்பேர் பார்ப்பவனுக்கு ஒரு பட்டன் ஸ்டார்ட் என்ன பெரிய காரியம் என்று இறங்கினான். வண்டி நன்றாகத் தண்ணி காட்டியது. ஸ்டியரிங் பூட்டைக் கழற்றுவதற்குள் விரல் கிழிந்தது. ரிலே இரண்டு தீய்ந்தது. கைப்பையில் இருந்தாலே வண்டி கண்டுகொள்ளட்டும் என்று, ஏற்றுமதி பனியனில் தைக்கிற எலெக்ட்ரானிக் டேக் ஒன்றைச் சாவியாக்கினான். பட்டனை அழுத்தினான், வண்டி கிளம்பியது. குதித்தான்.

மறுநாள் டேக் வீட்டுக்குள் இருக்கும்போதே, பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. பின்சீட்டில் அவள் கொண்டுவந்த சாம்பிள் மூட்டை; அதிலிருந்த பனியன்களிலும் அதே ஆர்டரின் டேக்! கம்பெனிகளில் பழகிய புத்தியில், டேக்கின் முழு எண்ணையும் பார்க்காமல் ஆர்டர் நம்பரை மட்டும் பார்க்கும்படி புரோகிராம் எழுதியிருந்தான்.

"சரக்கு வாங்கற பையர் நாட்டுல பனியன் போட்டவனுக்கெல்லாம் நம்ம வண்டிச் சாவியக் குடுத்துப்போட்டீங்களே!" அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கோபமே வரவில்லை.

திருத்தினான். திங்கட்கிழமை அவள் பிரேக்கை மிதித்து, விரல்முட்டியால் பட்டனைத் தட்டினாள். வண்டி உறுமியது. யாரையும் கூப்பிடாமல் தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். பிரபாகருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் பல் விளக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் ஓடி வந்து கேட்டருகே நின்றான். ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவி திருகும் அந்த நேரத்தில்தான் இருவரும் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இனி அதுவும் கிடையாது.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "ஏனுங்க, ஏதாச்சும் பாக்கோணுமா?"

"இல்ல... சும்மாதான் வந்தேன்."

அவள் பக்கத்துச் சீட்டிலிருந்த சாப்பாட்டுப் பையை முழங்கையால் பின்னால் தள்ளினாள்.

"மூணு வருசமா சாவியத் திருகிட்டு உள்ள ஓடிட்டீங்க. இன்னிக்காச்சும் ஏறுங்க."

வாயில் நுரையோடு அவன் சட்டை எடுக்க ஓடினான்.