உறவுமுறை என்ற கட்டம்

1
இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. என் தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது, 'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தை வெறித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்தேன். பெயரைக் கேட்கத் தைரியமில்லை. டெபோரா என்று நானே வைத்தேன். மீதியும் நான் கட்டியதுதான்.

திருவொற்றியூர்க் கடலலைகள் அன்று… (வேண்டாம். வேலைக்கும் வீட்டுக்குமாக அலைபவள் கடலை எங்கே பார்த்தாள்?)

2
நாற்பத்தாறு வயது. கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு எடைச்சீட்டு போடுபவள். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை. குனிந்தால் தலை பிளக்கும். இரண்டு முறை, நினைவு தப்பாமலே கால் மடங்கி விழுந்தாள்.

மூளையின் நடுவே நீர்க்கட்டி. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, கேமராக் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "ஞாபகம் கொஞ்சம் தடுமாறலாம். கூட இருக்கறவங்க கையெழுத்தும் வேணும்மா."

மாத்தூரில் அண்ணன் இருக்கிறார். பதினோரு வருடமாகப் பேச்சில்லை. (ஏன் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். காரணம் எதுவானாலும் அது சின்னதாகத்தான்…) அவருக்குப் போட்ட போன் மணியடித்து அடித்து ஓய்ந்தது.

3
வார்டில் பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையிருந்தவள் ராயபுரம் காத்தூன் பீவி.

"இன்னாமா, காலைலேர்ந்து அந்தக் காயிதத்தையே பாத்துகினு கீற?"

"கையெழுத்துப் போட ஆளு இல்லக்கா."

"அக்கான்னு நீயே சொல்லிட்ட இல்ல? குடு இப்டி."

கட்டத்தில் 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். டெபோராவுக்கு எப்படி காத்தூன் பீவி அக்கா என்று நர்ஸ் கேட்கவில்லை. (கேட்டிருப்பாள். கதை நின்றுவிடுமே என்று நான் தடுத்துவிட்டேன்.)

4
ஆபரேஷனில் கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது. கண்விழித்த டெபோரா தன் பெயரைச் சொன்னாள், யார்டைச் சொன்னாள். கடைசி இரண்டு வாரங்கள் மட்டும் அவளிடம் இல்லை.

அன்றே காத்தூன் பீவியின் மகளுக்கு டிஸ்சார்ஜ். கையில் பையோடு காத்தூன் பீவி சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

டெபோரா அவளை உற்றுப் பார்த்தாள். "யாரும்மா நீங்க? என்னப் பாக்கவா வந்தீங்க?"

'உன் அக்காடி' என்று ஒரு முடிவு எழுதினேன். அவளை ஏமாற்றுவதுபோல் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்புவதாக இன்னொன்று. அதில் அவளை மறுபடி தனியாக விட்டுவிட்டேன். இரண்டையும் கிழித்தாயிற்று.

காத்தூன் பீவி பையைக் கீழே வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், கேட்பவளுக்குத் தலையில் இன்னும் கட்டு இருக்கிறது.